பதப்பேழை



எங்கள் மொழியில் பதம் என்றொரு சொல் உண்டு. இலக்கண வகுப்பில் பதம் என்றால் சொல் என்று கற்பிக்கிறோம். பகுபதம், பகாப்பதம் என்று பிரித்தும் காட்டுகிறோம். அதே சொல் அடுப்படியில் வேறு வேலை செய்கிறது. பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்கள். எங்கள் போரதீவுப்பற்றிலே நெல்லைக் காயவிட்ட கமக்காரர் ஒரு மணியை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்த்து, 'பதம் வந்திட்டுது' என்று சொல்வார். அவர் பல்லால் அறிந்ததை இன்று நெல் சந்தைப்படுத்தும் சபை மானியால் அளக்கிறது. நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். கூடுதலான நனைவும் இல்லாமல், முறியும் வறட்சியும் இல்லாமல் இடையிலே நிற்கும் அந்த நிலைக்குத்தான் பதம் என்று பெயர்.

இந்தச் சொல்லை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு பெட்டி. என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார். அவர் எழுதுகிறார்: 'சேர், முதன்முதலாக ஒரு ஹியூமிடோர் வாங்கியிருக்கிறேன். சுருட்டு வைக்கும் மரப்பெட்டி. எப்படிப் பழக்கி எடுப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதற்குத் தமிழிலே என்ன பெயர்? எங்கடை ஆட்கள் முந்தி எப்படி வைத்திருந்தார்கள்?'

பெயரை முதலிலே சொல்லிவிடலாம். பதப்பேழை என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். ஈரப்பெட்டி என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்தப் பெட்டியின் வேலை ஈரமாக்குவது அன்று, பதத்திலே நிறுத்துவது. எங்கள் புவியியற் பாடநூல்களில் உள்ள 'சாரீரப்பதன்' என்ற கலைச்சொல்லிலும் அதே பதந்தான் இருக்கிறது. சார் என்பதையும் ஈரப்பதன் என்பதையும் சேர்த்து ஆக்கிய தொடர் அது. மாணவர்கள் அதைச் சாரீரம் என்று பிரித்துவிட்டு, குரலுக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது புகைக்கச் சொல்லும் பேச்சன்று. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடை செய்கிறது. விளம்பரத்தையும் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். எனக்குப் பாடம், கோடா, பதம் என்ற புகையிலைத் தொழிற் சொற்களை வாய்மொழியாகத் தந்தவர் என் பெரியப்பா. இளமையில் ஒரு சுருட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அந்த நோயிலேயே போனார். கடைசி மாதங்களில் அவரால் பேச முடியவில்லை. சொற்களைத் தந்த வாயையே அந்த இலை தின்றது. ஆனபடியால் இலையைப் புகழ்வதற்கு எனக்கு மனமில்லை. அதனைச் சுற்றி வளர்ந்த அறிவைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

சுருட்டு தமிழ்ச் சொல். சுருட்டுவதால் சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்குவது இச்சொல்லின் வழிவந்ததே. சிங்களத்திலும் 'சுருட்டு' என்றேதான் சொல்கிறார்கள். புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடியாக இருந்தும், நாம் அதன் பெயரைக் கடன் வாங்கவில்லை. புகையும் இலையும் சேர்த்துப் பெயர் வைத்தோம். தெலுங்கர் 'பொகாக்கு' என்றார்கள், கன்னடர் 'ஹொகெசொப்பு' என்றார்கள், சிங்களவர் 'தும்கொள' என்றார்கள். எல்லாமே புகையும் இலையுந்தான். புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாகப் பழனி முருகனிடம் அனுப்பி ஒரு நூல் செய்தார். உ. வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அன்னமும் மேகமும் கிளியும் போன வழியிலே புகையிலையும் போயிருக்கிறது.

ஆங்கிலேயர் கதைகளிலும் தமிழ்நாட்டுச் சுருட்டு புகுந்திருக்கிறது. கோனன் டொயில் 1887 இல் வெளியிட்ட முதல் ஷெர்லொக் ஹோம்ஸ் நாவலில், கிடந்த சாம்பலைக் கொண்டே இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். அதே ஹோம்ஸ் தமது சுருட்டுகளை நிலக்கரி வாளியிலே போட்டு வைப்பதாக 1893 இல் வந்த ஒரு கதையில் வருகிறது. குழப்பமான மனிதர் என்று காட்டுவதற்காக ஆசிரியர் எழுதியது. எனினும் பதம் அறிந்தவனுக்கு அது கொலையைவிடப் பெரிய குற்றமாகப் படும். நிலக்கரி வாளி எரியும் அடுப்பின் பக்கத்தில் இருப்பது. இரண்டு நாளில் சுருட்டு சருகாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதை நேயர்களில் முதியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வெட்டிய புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டுத் தென்னம் பொச்சால் புகை போடுவார்கள். பிறகு அடுக்கிப் பாரம் ஏற்றிப் பாடம் போடுவார்கள். பாடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்திலே நாங்கள் பிள்ளைகளுக்கு நடத்துவதும் பாடம், கொட்டிலிலே இலைக்குப் போடுவதும் பாடம். எழுதுவதற்குப் பனையோலையைப் பக்குவப்படுத்துவதற்கும் ஓலையைப் பாடஞ் செய்தல் என்றுதான் பெயர். இலைக்கு ஊட்டும் ஊறல் நீரைக் கோடா என்பார்கள். சுற்றுவதற்கு முன் இலைக்கு நீர் தெளித்து இளக்குவார்கள், இல்லாவிட்டால் நரம்போரம் வெடிக்கும். தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக் கடை இல்லாத இடம் குறைவாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் பல அழிந்தன. எஞ்சியதை மாறிய பழக்கங்கள் கொண்டுபோயின.

சுருட்டுக் கொட்டிலில் கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். ஆகவே ஒருவர் பத்திரிகையோ தொடர்கதையோ வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. கடல்களுக்கு அப்பால் கியூபாவிலும் அதே வழக்கம். ஹவானாவின் தொழிற்சாலைகளில் 1865 இல் அது தொடங்கியது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு சேர்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். 1935 இல் தோன்றிய மொன்ரிகிறிஸ்ரோ என்ற சுருட்டுக்கு அப்பெயர் வந்தது அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்து. எழுத்தறியாத பலருக்கு நாவலும் அரசியலும் சென்று சேர்ந்த வாசல்களில் சுருட்டுக் கொட்டிலும் ஒன்று என்பதை எங்கள் இலக்கிய வரலாற்று நூல்கள் இன்னும் கொஞ்சம் விரித்து எழுதலாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம்.

புகையிலை காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் பண்புடையது. சுற்றியுள்ள காற்று வறண்டால் அது தன் ஈரத்தை விட்டுவிடும், நனைந்தால் உறிஞ்சிக்கொள்ளும். சாரீரப்பதன் நூற்றுக்கு 65 முதல் 70 வரை, வெப்பநிலை 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சுருட்டு பதத்தில் நிற்கும். கனடாவின் மாரியில் வீட்டுக்குள்ளே சூடேற்றிய காற்று மிக வறண்டது. சாரீரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போகும். வெளியே வைத்த சுருட்டு சில நாளில் விரலுக்கிடையில் நொறுங்கும். அந்த வறட்சிக்கு எதிராக எழுந்ததுதான் இந்தப் பெட்டி.

பெட்டியின் உட்புறத்தில் 'ஸ்பானியத் தேவதாரு' என்ற மரப்பலகை பொருத்தியிருப்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஸ்பானியா நாட்டு மரமும் அல்ல, தேவதாருவும் அல்ல. மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் மரம். தாவரவியலார் அதைச் சேர்த்திருக்கும் குடும்பம் வேப்பங்குடும்பம். மஹோகனியும் அதே குடும்பந்தான். பூச்சி எளிதில் அண்டாது, ஈரத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும், மணமும் உண்டு. எங்கள் மூத்தோர் ஏட்டுப் பெட்டியிலும் நெற்கூட்டிலும் வேப்பிலை போட்டதை நினைத்துக்கொண்டால், இரண்டு உலகமும் ஒரே குடும்பத்து மரத்திடம் போய் நின்றது விளங்கும்.

புதுப் பெட்டியில் உடனே சுருட்டை அடுக்கக் கூடாது. பலகை தாகத்தோடு இருக்கும். சுருட்டின் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். புதுச்சட்டியைப் பழக்காமல் உலையேற்றுகிறோமா? இதையும் பழக்க வேண்டும். ஈரத்துணியால் பலகையைத் துடைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, பலகை ஒருபக்கமாக ஊதி வளைய இடமுண்டு. காய்ச்சி வடித்த நீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி வெறும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு வாரம், பொறுத்திருப்பதே மேல். குழாய் நீரும் கிணற்று நீரும் வேண்டாம். அவற்றிலுள்ள உப்புகள் ஈரமூட்டும் பஞ்சில் படிந்து அடைத்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கலாம்.

அந்த இரண்டு வாரத்தில் ஈரமானியைச் சோதித்துவிடலாம். பெட்டியோடு வரும் முள்ளு மானிகள் பெரும்பாலும் அழகுக்கு வைத்தவை. இலக்கம் காட்டும் சிறு மின்மானி ஒன்றைத் தனியே வாங்குவது நல்லது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் உப்பால் சோதிக்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை இட்டு, சில துளி நீர் விட்டுச் சேறுபோல் ஆக்குங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் ஒருநாள் மூடி வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உப்புக் கரைசல் தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 வீதத்திலேயே நிறுத்தும் என்பது இயற்கை விதி. இதைப் படித்தபோது எங்கள் வீட்டு உப்புப்பானை நினைவுக்கு வந்தது. கார்த்திகை, மார்கழியில் உப்புக் கசிந்து நீராய் நிற்கும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கட்டிபட்டுக் கிடக்கும். காற்றின் ஈரம் 75 ஐத் தாண்டிவிட்டது என்று அடுப்படி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அம்மாமாருக்கு இலக்கம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மூடி இறுகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் பெட்டி சரியில்லை. பிறகு ஈரத்தை நிறுத்தும் சாதனம். உப்புக் கரைசல் அடைத்த சிறு பைகள் 65, 69, 72 என்று இலக்கமிட்டு விற்கப்படுகின்றன. ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுக்கும். முதற்பெட்டி வைப்பவருக்கு அதுவே தொல்லையில்லாத வழி. சுருட்டை நெருக்கித் திணிக்காமல் காற்றுலாவ இடம் விட வேண்டும். வாசனையூட்டிய சுருட்டை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. தினமும் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முதற்பெட்டிக்காரர் எல்லோருக்கும் உள்ள நோய் அது. விதையை ஊன்றிவிட்டு நாளுக்கு நாலு தரம் கிளறிப் பார்ப்பது போல. காசில்லாதவர் மரப்பெட்டிக்கு ஏங்க வேண்டியதும் இல்லை. இறுகப் பூட்டும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியில் அதே பையை இட்டால் வேலை அதே வேலைதான்.

கனடாவுக்கு இவ்வளவு போதும். எங்கள் ஊருக்கு?

இங்கே கணக்குத் தலைகீழ். படுவான்கரையில் வாவியின் காற்று எப்போதும் முகத்தில் ஈரமாகவே படும். வாடை தொடங்கிவிட்டால் சுவரும் வியர்க்கும். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகையாக இருக்கும். இந்த மண்ணில் பெட்டி செய்ய வேண்டியது ஈரம் கொடுப்பதன்று, ஈரத்தைத் தடுப்பது. 75 ஐத் தாண்டினால் பூஞ்சணம். 25 பாகைக்கு மேலே போனால் வண்டு. புகையிலை வண்டு என்று அழைக்கப்படும் மிகச் சிறிய கபில நிறப் பூச்சி இலையில் இட்ட முட்டை அந்தச் சூட்டில் பொரித்து, சுருட்டிலே ஊசித்துளை விழுந்துவிடும். காற்றுப் புகாத பையில் இட்டு உறைபெட்டியில் மூன்று நாள் வைத்தெடுப்பது மாற்று வழி. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சாதாரணக் குளிரில் வைத்து மெல்லப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிலை வெடிக்கும். ஈரப்பை வாங்குவதாயின் எங்கள் வெப்பத்துக்கு 65 இலக்கமே பொருந்தும். முந்திய ஆட்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்கும் இதுவே விடை. பெரும்பாலும் வைத்திருக்கவில்லை. வேண்டிய கட்டை வாங்கினார்கள், முடிந்ததும் மறுகட்டு வாங்கினார்கள். பெரியப்பா பனையோலைக் கொட்டைப்பெட்டியில் நாலைந்து வைத்திருப்பார். மாரியில் அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்.

அந்த வண்டைப் பற்றி இன்னொன்று. அதற்கு வேண்டியது புகையிலை மட்டும் அல்ல. காய்ந்த செடி, சரக்கு, மா, புத்தகம் எல்லாவற்றையும் அது தின்னும். நூலகங்களைத் துளைக்கும் பூச்சிகளில் அதுவும் ஒன்று. இதை அறிந்தபோதுதான் மாணவரின் பெட்டி எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. பாடஞ் செய்த புகையிலைக்கும் பாடஞ் செய்த பனையோலைக்கும் வேண்டிய காவல் ஒன்றே. நனைந்தால் பூஞ்சணம், காய்ந்தால் முறிவு, சூட்டில் பூச்சி.

மட்டக்களப்புப் பகுதியில் ஏடு இன்னும் வழக்கொழிந்த பொருள் அல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. மருத்துவ ஏடுகளும் மாந்திரிக ஏடுகளும் சில குடும்பங்களில் பரம்பரையாக இருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏடுகளை ஆண்டுதோறும் நினைவு கூருகிறோம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் இப்பகுதியில் வீட்டுக்கு வீடு கூரை பறந்தபோது நனைந்துபோன ஏடுகளை யாரும் எண்ணவில்லை. மழையும் வண்டும் ஒவ்வொரு மாரியிலும் ஓசையில்லாமல் தின்றுகொண்டிருப்பவற்றையும் எண்ணவில்லை. சீலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்கிறோம். தரையின் ஈரம் தகரத்தில் வியர்த்துச் சீலைக்குள் இறங்குகிறது. பக்தியில் குறையில்லை. பதத்தில் குறை.

ஆகவே இந்தப் பேச்சைக் கேட்பவர்களில் வீட்டில் ஏடு வைத்திருப்பவர்கள் சுருட்டுப் பெட்டிக்காரரின் முறையைக் கடன் வாங்கலாம். ஏட்டுக்கு 65 வேண்டாம், 50 முதல் 60 வரை போதும். இறுகப் பூட்டும் பெட்டி ஒன்று, உப்பால் சோதித்த ஈரமானி ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறு பொட்டலம். மானி 60 ஐத் தாண்டினால் பொட்டலத்தை மாற்றுங்கள். 50 க்குக் கீழே இறங்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். அடியோடு உலர்த்திவிட்டால் ஓலை முறியும். வெளுக்காத பருத்திச் சீலையில் சுற்றுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் மரத்தட்டில், வெளிச்சுவரில் முட்டாமல் வையுங்கள். ஏற்கெனவே துளை விழுந்த ஏடாயின் வெயிலில் போடாதீர்கள், எண்ணெய் பூசவும் அவசரப்படாதீர்கள். சுவடி அறிந்தவரிடம் காட்டிய பின் எலுமிச்சைப்புல் எண்ணெய் இடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். பெட்டியை முதன்முதலில் நிரப்புவதற்கு ஏற்ற காலம் வைகாசி. மாரியின் ஈரம் இறங்கி ஓலையும் காய்ந்திருக்கும், கோயில் ஏடும் எப்படியும் வெளியே வந்திருக்கும். பாடி முடித்த அன்றே பழைய சீலையில் திரும்பச் சுற்றாமல், ஏடு ஏடாக விரித்துப் பார்த்து, புதிய சீலையில் வையுங்கள்.